பட்டா வந்துவிட்டது, கல்லை யார் எடுப்பது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நிலம் கேட்டு மனு எழுதுகிறோம், அலைகிறோம், பட்டா கைக்கு வந்த அன்று படம் எடுத்துப் பகிர்கிறோம். மறுநாள் அந்தக் குடும்பம் நிலத்தில் போய் நின்றால் எதிரே இருப்பது ஆள் நுழைய முடியாத சீமைக் கருவேலமும் மண்ணுக்குள் புதைந்த கல்லும்தான். அங்கே நம்மில் யாரும் இருப்பதில்லை.

நமக்குத் தரிசைத் தருவது புதிதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அப்படியும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. மோசடியையும் மிரட்டலையும் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். தரிசைத் திருத்தக் காசில்லாமல் கடன்பட்டு இழந்ததைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

அந்தக் கடன் எப்படி ஏறுகிறது? விறகு வியாபாரி கருவேலத்தைத் தரைக்கு மேலே வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தூர் மண்ணிலேயே கிடக்கும், ஒரு மழைக்கே பழையபடி துளிர்க்கும். அதனால் ஜேசிபி வைத்துத் தூரோடு தோண்ட வேண்டும். பிறகு டிராக்டரில் சட்டிக் கலப்பை போட்டால் வேரும் கல்லும் மேலே வரும். பெண்கள் குனிந்து பொறுக்கிக் குவித்து டிரெய்லரில் ஏற்ற வேண்டும். மறுபடி உழுதால் மறுபடி கல். கல் கிடக்கும் மண்ணில் ரோட்டவேட்டரை இறக்கினால் கத்தி உடையும் என்று டிராக்டர்காரர் வர மாட்டார், வந்தாலும் கூடுதல் வாடகை கேட்பார். எல்லாமே மணிக்கணக்கு. விளைச்சல் வருமுன்னே கடன் வந்துவிடுகிறது.

நம் பகுதியின் மானாவாரி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. கோடைமழையில் மண் இளகும்போது கல்லெடுத்து, புரட்டாசிக்குள் நிலம் தயாராக வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர் தன் நிலத்தையும் தன் சொந்தக்காரர் நிலத்தையும் உழுதுவிட்டுத்தான் சேரிப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார். அதற்குள் ஈரம் போய்விடும். விதைக்காத நிலம் ஒத்திக்குப் போகும். பட்டா நம் பெயரில், வெள்ளாமை அடுத்தவருக்கு.

அரசுக்கு இது தெரியாததல்ல. 2006இல் நிலமற்ற ஏழைகளுக்கு 2 ஏக்கர் வழங்கும் திட்டத்தை அறிவித்தபோது, தரிசை அரசே பண்படுத்தித் தரும் என்றும் சொன்னார்கள். வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலியில் பதியலாம். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் பட்டியல் சாதியினரின் சொந்த நிலத்தைத் திருத்தவும் இடம் கொடுத்தது. கல் பொறுக்குவதை அந்தக் கூலி வேலையில் சேர்க்கச் சொல்லி நம்மில் எத்தனை பேர் கிராம சபையில் கேட்டோம்?

சொந்த உழைப்பில் திருத்த வேண்டியதுதானே, எல்லாவற்றையும் அரசா செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். ஊரின் நல்ல நிலங்களைத் திருத்தியதும் நம் பாட்டன் பாட்டிகளின் உழைப்புதான். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டும், நிலமல்ல. இப்போது தன் நிலத்தைத் திருத்த அவர்களின் பேரப்பிள்ளை கடன் வாங்க வேண்டுமா?

எனவே தோழர்களே, இனி மனுவில் ஒரு பத்தி சேர்ப்போம். நிலத்தை அளந்து கல் நட்டுத் தர வேண்டும். தூரும் கல்லும் அகற்றி, முதல் உழவு முடித்து ஒப்படைக்க வேண்டும். அதற்கான இயந்திர மணிநேரம் கோடையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். எடுத்த கல்லைச் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பாகப் போட்டால் மழைநீரும் மண்ணும் அங்கேயே நிற்கும்.

பட்டா வாங்கிய குடும்பங்களிடம் அடுத்த முறை போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: இந்த வருடம் விதைத்தீர்களா? இல்லை என்று பதில் வந்தால் நம் போராட்டம் இன்னும் முடியவில்லை.