எலுமிச்சை அளவு புளி

இந்த இதழுக்கு வந்த கவிதைகளைப் பிரித்துப் படித்ததில் ஒரு கட்டத்தில் பசியே வந்துவிட்டது. அம்மா வைத்த ரசம், ஆச்சி அரைத்த துவையல், அக்கா உருட்டித் தந்த நிலாச்சோறு என்று ஒரு கட்டு சேர்ந்திருந்தது. எழுதியவர்கள் அநேகமாக ஆண்கள். எல்லாவற்றிலும் சோறு மணக்கிறது, ஒன்றில்கூட அடிபிடிக்கவில்லை. மிளகாய் வறுத்து யாரும் இருமவில்லை. சாப்பிட்ட தட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை.

அவற்றில் ஒன்றையும் சேர்க்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுவது மரியாதை.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், கண்டதை நற்றாயிடம் சொல்கிறாள். பெண் முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதை மாற்றப் போகவும் நேரமில்லை. மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை ஏறுகிறது. புளிக்குழம்பை அவளே துழாவிச் சமைத்துப் போடுகிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: விரலில், துணியில், புகையில். ருசி கடைசியில்தான் வருகிறது, அதுவும் கணவன் வாயில், ஒரே சொல்லாக. நமக்கு வந்த கவிதைகள் அந்தக் கணவனின் ஒரு சொல்லை இருபது வரிக்கு இழுத்தவை.

என் அம்மா ஒரு நோட்டு வைத்திருந்தாள். நோட்டு என்றால், அப்பாவுக்கு அலுவலகத்தில் கொடுத்த பழைய டைரி. ஜனவரியில் பருப்புப்பொடி: மல்லி ஒரு கை, மிளகு மூன்று விரலில் எடுக்கிற அளவு, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. எதிர்ப்பக்கத்தில் பால் கணக்கு. பிப்ரவரியில் 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. பென்சிலால் இழுத்து, சிக்கு சரியாக வராமல் அழித்து, மறுபடி இழுத்த கோலம். இன்னும் தள்ளி, வாரப் பத்திரிகையில் படித்துப் பிடித்துப்போய் எழுதிவைத்த கவிதைகள், எழுதியவர் பெயர் இல்லாமல். நல்லெண்ணெய் பட்டுச் சில தாள்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. வற்றல் குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி என்று படிக்கும்போது, அந்த வரிக்குப் பின்னால் மறுபக்கத்துக் கோலத்தின் புள்ளிகள் தெரியும். அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில்: ‘இன்று உப்பு கூடிப்போச்சு. இவர் ஒன்றும் சொல்லவில்லை.’

அந்த இரண்டு வாக்கியத்துக்கு ஈடாக, வந்த கட்டில் ஒன்றும் இல்லை. இவர் சொல்லாமல் விட்டது அன்பாலா, அலட்சியத்தாலா, ஆபீஸ் கவலையிலா? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, கேட்க ஆளில்லை.

சமையல், கோலம், கவிதை மூன்றும் வெவ்வேறு துறை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிரித்து வைத்தது நாம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. உறவினர்கள் கடிதம் போட்டுப் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்ததில் பிறந்த புத்தகம். எண்ணெய் எப்போது காய வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று ஒரு சொல் வீணாக்காமல் எழுதியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் புதுப்பெண்களின் பெட்டியில் போன அந்த உரைநடைக்குத் தமிழ் உரைநடை வரலாற்றில் ஒரு பத்தி உண்டா? கோலத்துக்கு வாய்த்த யோகம் கொஞ்சம் மேல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி தம் சகாக்களோடு 1974இல் அதற்குக் கணினி அறிவியல் வழியில் இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதினார். வாசலில் சைக்கிள் ஏறி அழியப்போவதற்கும் ஒரு இலக்கணம் இருந்திருக்கிறது.

உடனே ‘அடுக்களையே கலைக்கூடம்’ என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் வருவார்கள். அவர்களைக் கண்டால் சற்றுத் தள்ளி உட்காருவது நல்லது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988லேயே புத்தகமாக வந்துவிட்டது; அந்த மூலை ஒரு பெண்ணின் உலகத்தை எவ்வளவுக்குச் சுருக்கிவிடும் என்று தெரியாததுபோல் இனி நடிக்க முடியாது. கலை என்று பட்டம் கொடுத்துவிட்டுக் கரண்டியை அவள் கையிலேயே விட்டுவைப்பது பழைய தந்திரம்.

நாமும் இதில் யோக்கியர்கள் இல்லை. இந்த இதழைத் தொடங்க ஒரு நண்பர் வீட்டில் கூடியபோது ராத்திரி பன்னிரண்டு வரை ‘எழுத்து’, ‘கசடதபற’ என்று பழைய சிற்றிதழ்களைப் பேசித் தீர்த்தோம். இட்லி வந்துகொண்டே இருந்தது. யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பு இருக்கிறது. சட்னி அரைத்தது யார் என்று இல்லை. உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னோமா என்பதும் நினைவில் இல்லை.

அதனால் அடுத்த இதழில் சில பக்கங்களை ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருந்தால், ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தோ படம் பிடித்தோ அனுப்புங்கள். கறை இருந்தால் இருக்கட்டும். எழுத்துப்பிழையைத் திருத்த மாட்டோம். எழுதியவர் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரில்தான் போடுவோம், அனுப்பிய மகன் பெயரில் அல்ல.

ரசக் கவிதை எழுதும் நண்பர்களுக்கு: ஒரு வாரம் ரசம் வைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். பாத்திரத்தையும் நீங்களே தேய்க்க வேண்டும். மாசி முடிவதற்குள் வந்து சேர்பவை அடுத்த இதழுக்கு.