ஜிப்சம் போட்டாச்சு... தண்ணி எங்கே போகும்?

உப்பு பூத்த வயல் என்றாலே ‘ஜிப்சம் போடுப்பா’ என்பதுதான் டீக்கடை வரை கிடைக்கும் அட்வைஸ். பாதி சரி, பாதி பணம் வேஸ்ட்.

உவர் நிலமும் களர் நிலமும் ஒண்ணு இல்லை. உவரில் வெள்ளையாக உப்பு பூக்கும். மின் கடத்துதிறன் 4-ஐத் தாண்டும். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தாலே உப்பு கரைந்து போகும், ஜிப்சம் தேவையில்லை. களரில் கார அமிலத்தன்மை 8.5-க்கு மேல். மண்ணோடு ஒட்டிய சோடியம் களிமண்ணைக் குழைத்து அடைத்துவிடும். தண்ணீர் உள்ளேயே இறங்காது. இங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விரட்டும். ஆனால் விரட்டிய சோடியம் வயலை விட்டு வெளியே போகணுமே? வடிகால் இல்லையென்றால் அதே மண்ணில் குடியிருக்கும். கோடையில் மேல்மட்ட ஈரம் ஆவியாகும்போது, கீழே தேங்கிய நீர் உப்பையும் மேலே இழுத்து வரும்.

வடலூருக்குக் கிழக்கே குறிஞ்சிப்பாடி பக்கம் சிக்கல் இந்த வடிகாலில்தான். மழைநீரோடு நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கும் நீரும் பரவனாற்றில் இறங்கி, பெருமாள் ஏரி வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். சுரங்க நீரால் வாலாஜா ஏரிப் பாசனம் பிழைத்தது என்பதும் உண்மை. ஆனால் ஆறும் ஏரியும் மண்ணடித்துக் கிடந்தால், ஐப்பசி மழையில் நடவு வயல்தான் ஏரி.

விவசாயி கையில் இருப்பது கொஞ்சம்: மண் பரிசோதனை, 45 நாளில் மடக்கி உழும் தக்கைப்பூண்டு, களருக்கு டி.ஆர்.ஒய் 3, ரெண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர்.1009 சப் 1. ஆற்றைத் தூர்வார அவரால் முடியுமா?

பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள்ளேயே பொக்லைன் இறங்கியது. சுரங்கத்துக்கு இருந்த அந்த அவசரம் வயல் வடிகாலுக்கும் வேண்டும். பரவனாற்றிலும் பெருமாள் ஏரியிலும் எவ்வளவு மண் எடுக்கப்படும், என்எல்சி பங்கு எவ்வளவு, அரசுப் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும்.