தட்டைத் தலையும் பொதுவான ஏதுவும்

"மருத்துவத்தில் பழைய தர்க்கமெல்லாம் செல்லாது, அங்கே எல்லாமே நிகழ்தகவுதான்" என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அரிஸ்டாட்டிலையும் திக்நாகரையும் ஓரம் தள்ளிவிட்டு பேய்ஸ் தேற்றத்தை எடுத்துப் போட்டால் பேச்சு முடிந்ததாக நினைப்பு. நான் டாக்டர் இல்லை, தர்க்க நூல்களை விரும்பிப் படிக்கிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கைக்குழந்தைகளின் பின்மண்டைதான் ஞாபகம் வரும்.

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு கிடையாது. பல தகடுகள், அவற்றுக்கிடையே சூச்சர் எனப்படும் தையல்கள். மூளை வளர இடம் வேண்டும் என்பதால் அவை திறந்திருக்கும். பின்பக்கம் இருக்கிற லாம்ப்டாய்டு தையல் ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே மூடிக்கொண்டால் அந்தப் பக்கம் தட்டையாகும். இது மிக அரிது, பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து மல்லாந்து கிடந்தாலும் பின்மண்டை தட்டையாகும். இது ரொம்ப சகஜம். இதற்குக் கத்தி வேண்டியதில்லை.

1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்றது. 1994இல் அது நாடு தழுவிய பிரச்சாரமானது. தொட்டிலில் காரணம் தெரியாமல் நிகழும் சாவுகள் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகின. பெரிய வெற்றி. கூடவே தட்டைத் தலைகளும் பெருகின. அவற்றில் சில, தையல் மூடிய நோய் என்று கருதப்பட்டு அறுவை மேசைக்குப் போயின.

அங்கே ஓடிய தர்க்கத்தைப் பிரித்துப் பாருங்கள். தையல் மூடினால் தலை தட்டையாகும். இந்தத் தலை தட்டை. ஆகவே தையல் மூடியிருக்கிறது. மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைஞ்சிருக்கு, ஆகவே மழை என்பது மாதிரி. நடுவில் தண்ணி லாரி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதை யார் பார்த்தார்கள்?

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. ஸ்கேனில் தையல் திறந்தே தெரிந்தபோது கருதுகோளைக் கைவிட்டிருக்க வேண்டும். 'இது இருந்தால் அது இருக்கும்; அது இல்லை; ஆகவே இது இல்லை' என்பது பழைய தர்க்கத்தின் மிக எளிய படி. சிலர் அதற்குப் பதிலாக ஒரு புதுப் பெயரைக் கண்டுபிடித்தார்கள்: 'ஒட்டிக்கொள்ளும் தையல்', 'செயல்பாட்டளவில் மூடிய தையல்'. பார்வைக்குத் திறந்திருக்கும், ஆனால் மூடியதுபோல நடந்துகொள்ளுமாம். பேய் கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கு என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் கையில் மணிமேகலை இருக்கிறது. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் காஞ்சியில் தர்க்கம் சொல்லித் தருகிறார். இலக்கிய வாசகர்கள் அலுத்துப்போய்ப் புரட்டிவிடும் பக்கங்கள் அவை (பழிக்கவில்லை, அந்தக் காதை சத்தியமாகக் கடினம்). திக்நாகர் மரபில் ஏதுவுக்கு, அதாவது காரணமாகக் காட்டப்படும் அடையாளத்துக்கு, மூன்று நிபந்தனைகள் உண்டு. நாம் பேசும் பொருளில் அது இருக்க வேண்டும். அதையொத்த இடத்தில், சபக்கத்தில், இருக்க வேண்டும். ஒவ்வாத இடத்தில், விபக்கத்தில், இருக்கவே கூடாது. புகை அடுக்களையில் இருக்கிறது, குளத்தில் இல்லை. அதனால்தான் அது நெருப்புக்கு ஏது. இரண்டு பக்கமும் இருக்கிற ஏதுவுக்கு அந்தக் காதை வைத்திருக்கும் பெயர் 'சாதாரணம்', அநைகாந்திகப் போலிகளில் முதலாவது. தட்டை என்பது சாதாரண ஏது. நோயுள்ள தலையிலும் இருக்கிறது, நோயில்லாத தலையிலும் இருக்கிறது.

அப்படியானால் விபக்கத்தில் இல்லாத அடையாளம் எது? 1996இல் சியாட்டில் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு கேட்டது ஏறக்குறைய இதைத்தான். குழந்தையின் தலையை மேலிருந்து பாருங்கள். படுக்கையால் தட்டையான தலை இணைகரம்போல் நகர்ந்திருக்கும். தட்டைப் பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளப்பட்டிருக்கும். தையல் மூடிய தலை சரிவகம்போல் இருக்கும். அந்தப் பக்கம் காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். காதின் இடம் மட்டும் போதாது, அது ஏமாற்றும். புடைப்பையும் மொத்த வடிவத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பேய்ஸ் அன்பர்களுக்கு வருகிறேன். ஓர் அறிகுறி நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஒரே அளவில் காணப்பட்டால் உங்கள் கணக்கில் அதன் விகிதம் ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. அறவண அடிகள் 'சாதாரணம்' என்று தள்ளியதை நீங்கள் எண்ணில் எழுதுகிறீர்கள், அவ்வளவே. தையல் பாதி மூடியிருக்கலாம், புடைப்பு லேசாக இருக்கலாம், ஆம்-இல்லை என்று வெட்டிப் பேச முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அங்கே நிகழ்தகவு வேண்டும். ஆனால் அந்தக் குழந்தைகள் மேசைக்குப் போனது அளவு தெரியாததால் அல்ல, விபக்கத்தைப் பார்க்காததால்.

இதே பிழையை வீட்டிலும் செய்கிறோம். "தலை தானா சரியாயிடும், எனக்குத் தெரிஞ்ச எல்லாப் பிள்ளைக்கும் சரியாச்சு." என் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு இப்படியே எண்ணெய் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். சரியான தலைகளெல்லாம் படுக்கையால் தட்டையானவை. தையல் மூடிய தலை எண்ணெய்க்கு உருளாது. சிறிய கீறலோடு எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் சிகிச்சையைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் செய்கிறார்கள். அதைத் தவறவிட்டால் பெரிய அறுவைதான் மிஞ்சும். பாட்டியிடம் நான் மணிமேகலையைப் பற்றியெல்லாம் பேசவில்லை. குழந்தையை மடியில் உட்காரவைத்து, மேலிருந்து ஒருமுறை பாருங்க என்று மட்டும் சொன்னேன்.