எர்த் கோளாறு!

''டேய், ஸ்பீடாமீட்டர் தெரியலைடா...'' என்று அப்பா சொன்ன அன்றே, அவருடைய டிரைவிங் வாழ்க்கையை நாங்கள் முடித்து வைத்துவிட்டோம்.

அப்பாவுக்கு வயது 78. வண்டி 1968 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டில் எதற்குக் கோளாறு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ''மாமாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க. இனிமே சாவி குடுக்காதீங்க'' என்று என் மனைவி தீர்ப்புச் சொல்ல, சாவியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ''ஆபரேஷன் பண்ணின கண்ணு சார், ஜோரா இருக்கு'' என்றார் அவர். டாக்டரை மாற்றலாமா என்று யோசித்தோமே தவிர, பல்பை மாற்ற யோசிக்கவில்லை!

அப்பா எதுவும் பேசவில்லை. தினம் காலையில் வண்டியைத் துடைப்பார். அப்புறம் வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

ஹெரால்டுதானே என்று நீங்கள் லேசாக நினைக்கக்கூடாது. எங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்தில், பெருங்களத்தூர் - வண்டலூர் வட்டாரத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தது. 1962-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒரே இத்தாலியர், மிக்கெலோட்டி. அந்தக் கணக்கில் எங்கள் வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்!

போன மாதம் ஒரு ராத்திரி பைக் மக்கர் பண்ண, அப்பாவிடம் சொல்லாமல் ஹெரால்டை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோடு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிச்சூர் ரோட்டில் ஒரு இருட்டான இடம் வந்ததும் டேஷ்போர்டைப் பார்த்தேன். சாகப்போகிற மின்மினிப்பூச்சி மாதிரி ஏதோ ஒன்று. போவது முப்பதா அறுபதா, தெரியவில்லை. எனக்கு வயது 41. கண்ணாடிகூடக் கிடையாது.

அடப்பாவி! அப்பா சொன்னது நிஜம்.

மறுநாள் லஞ்ச் டயத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓடி, 5 வாட் பல்புகளாகப் பார்த்து வாங்கினேன். பிராயச்சித்தம் பலமாக இருக்க வேண்டாமா? எங்கள் பேட்டை மெக்கானிக் அப்பாவைவிட நாலைந்து வயது சின்னவர். பையனாக இருந்தபோது அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பல்பைப் பார்த்துச் சிரித்தார்.

''இதுல போடுறது 2.2 வாட் சார். சின்ன டப்பா, அஞ்சு வாட் சூடு தாங்காது. கோளாறு பல்புல இல்லை.''

மீட்டரைக் கழற்றி, பின்னாலிருந்த ஒரு கறுப்பு ஒயரைக் காட்டினார். நுனியில் பச்சையாய்ப் பாசம் பிடித்திருந்தது.

''கரன்ட்டு பேட்டரியிலேர்ந்து பல்புக்கு வந்தா மட்டும் போதாது. திரும்பிப் போகணும். மத்த இடத்துல பாடி இரும்பே எர்த்து. இங்க டேஷ்போர்டு மரப்பலகை. பாவம், இந்த ஒத்தை ஒயர்தான் வழி. அது அடைச்சுக்கிட்டா பல்பு என்ன பண்ணும்?''

அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது: இந்த மாதிரி பல்புக்கு வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் போய்விடும். அதனால் ஆபீஸ் விட்டு லோக்கல் ட்ரெய்னில் தொங்கிக்கொண்டு இதைப் படிக்கும் நண்பரே, உங்கள் பழைய வண்டியில் லைட் மங்கினால் பெரிய பல்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள்.

பெரியவர் உப்புத்தாளால் ஒயர் நுனியையும் அது உட்காரும் இடத்தையும் தேய்த்தார். பழுப்பேறிக் கிடந்த மீட்டர் டப்பாவுக்குள் வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவைத்தார். சரியான பல்பு போட்டார். முழுசாக அரை நாள் வேலை. கூலி, நான் வாங்கிய உபயோகமில்லாத பல்புகளின் விலையைவிடக் குறைவு!

ராத்திரி பீரோவைத் திறந்து சாவியை எடுத்தேன். ''அப்பா... சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? நீங்க ஓட்டுங்க'' என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, லைட்டைப் போட்டார். முள் பளிச்சென்று நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டென்று குனிந்தார்.

''ஏண்டா, பெட்ரோல் கால் டேங்க்கூட இல்லையே... எனக்குத் தெரியாம எவன் வண்டியை எடுத்தது?''

கண் நன்றாகத்தான் தெரிகிறது!