கம்பளிக்கு ஆடு கேட்டு வந்தவங்க

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி நம்ம வீட்டுக்கு வந்திருந்தாங்க. அம்மையார்குப்பத்துக்குப் பக்கத்துல ரெண்டு ஏக்கர் வாங்கியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு இங்க வந்து தங்கணும், பத்து செம்மறி ஆடு வளர்க்கணும், அதோட முடியை வெட்டி நூல் நூத்து ஸ்வெட்டர் பின்னணும்னு ஆசை. அந்தப் பொண்ணு ராட்டை கூட ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கு. "அண்ணா, கம்பளி ஆடு இங்க யார்கிட்ட கிடைக்கும்?" என்று கேட்டது.

நான் பட்டியில நின்ன ஒரு ஆட்டைப் பிடிச்சுக் காட்டி, "தடவிப் பாரும்மா"ன்னேன். தடவிப் பார்த்துட்டு, "என்ன அண்ணா, நாய் முதுகு மாதிரி இருக்கு?" என்றது.

அப்படித்தான் இருக்கும். எங்க திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து செம்மறிக்கு 'மெட்ராஸ் ரெட்'னு பேரு. செம்மண் நிறம், குட்டை முடி, கம்பளி கிடையாது. எல்லையைத் தாண்டினா நெல்லூர் ஆடு. ஆளுயரத்துக்கு நிக்கும், அதுக்கும் கம்பளி கிடையாது. சித்திரை வெயில்ல ஏரி உள்ளவாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்போது அதுல மேயுற ஆட்டுக்குக் கம்பளி எதுக்கு? ஆடு பிழைக்கிறதுக்கு என்ன வேணுமோ அதைத்தான் அது போர்த்திக்கிட்டிருக்கு.

தமிழ்நாட்டுல கம்பளி ஆடே இல்லைன்னு சொல்லல. நீலகிரியில மெல்லிசு கம்பளி தர்ற ஆடு இருக்கு. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில அதுக்காகவே ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்காங்க, ஆனாலும் அந்த இனம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆட்டையும் முயலையும் வளர்க்குது. ரெண்டும் மலை. குளிர் இருக்கிற இடம். சமவெளியில திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் குரும்பைன்னு ரெண்டு இனத்துக்கு முடி வெட்டலாம். ஆனா அது முரட்டு முடி. தரையில விரிக்கலாம், கம்பளி நெய்யலாம். ஸ்வெட்டர் பின்னினா அதைப் போட்டவங்க நாள் முழுக்க சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கணும்.

கம்பளின்னா எனக்கு ஞாபகம் வர்றது கொங்கடிதான். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் வரைக்கும் ஆந்திராவில இருந்தது. அதனால எங்க வீட்டுப் பெரியவங்க பேச்சுல பாதி தெலுங்கு இருக்கும். நான் சின்னப் பையனா இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து கிடைக்காரங்க வருவாங்க. தோள்ல ஒரு கறுப்புக் கொங்கடி. மழை வந்தா அதை மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு ஆட்டுக்கு நடுவுல அசையாம நிப்பாங்க. சொட்டுத் தண்ணி உள்ள போகாது. நெய்யும்போது புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவார். ராத்திரி அதுவே பாய், அதுவே போர்வை. அது தக்காணத்து ஆட்டு முடி, எங்க ஆட்டோடது இல்ல.

அப்ப எங்க ஆட்டுல கைத்தொழிலுக்கு ஒன்னுமே இல்லையா? இருக்கு. தோல். கம்பளி ஆட்டுத் தோல்ல மயிர்க்கால் நெருக்கம், அதனால தோல் தொளதொளன்னு இருக்கும். முடி ஆட்டுத் தோல் இறுக்கமா, வலுவா இருக்கும். கையுறைக்கும் உடுப்புக்கும் அதுதான் கேக்கிறாங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு தோல் ஊரெல்லாம் நமக்குப் பக்கத்துலயே வளர்ந்தது சும்மா இல்ல. ஆனா இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதும் முகம் வாடிப்போச்சு. அது ஆட்டை வெட்டாம ஏதாவது எடுக்கணும்னு வந்திருக்கு.

இங்கதான் எனக்கும் உங்களை மாதிரி ஊர்லேருந்து வர்றவங்களுக்கும் கருத்து வேறுபாடு. ஆட்டை வெட்டக்கூடாதுன்னா வளர்க்கவே வளர்க்காதீங்க. கோபமா சொல்லல, கணக்கு சொல்றேன். ஆடு அஞ்சு மாசத்துல குட்டி போடும். பிறக்கிறதுல பாதி கிடா. கிடாவை விக்கலைன்னா ரெண்டு வருஷத்துல பட்டி முழுக்கக் கிடாவா நின்னு ஒன்னோட ஒன்னு முட்டிக்கும், பெட்டையை நிம்மதியா மேய விடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பண்ணை வீட்டுல ஒவ்வொன்னுக்கும் பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. கடைசியில தீவனம் வாங்கி மாளாம, ராத்திரியோட ராத்திரியா வியாபாரிக்கு மொத்தமா ஏத்தி அனுப்பிட்டாங்க, கேட்ட விலைக்கு. வியாபாரி ஆட்டோட பேரைக் கேக்கமாட்டார், எடையைத்தான் கேப்பார்.

இன்னொன்னு, சனி ஞாயிறு ஆடு வளர்க்க முடியாது. ஆட்டுக்கு வியாழக்கிழமையும் வயிறு இருக்கு. நானே பட்டிருக்கேன். ஒரு வருஷம் ஆடி மழை முன்னாடியே பெஞ்சு புல்லு தளதளன்னு வந்துடுச்சு. மழைக்கு முன்னாடி போட வேண்டிய துள்ளுமாரி தடுப்பூசியை, கடலைக்கு ஏர் ஓட்டுற அவசரத்துல தள்ளிப் போட்டேன். சாயந்திரம் நல்லா மேஞ்சு வந்த குட்டிங்க, விடிஞ்சு பார்த்தா காலை உதைச்சுக்கிட்டுக் கிடக்கு. நாலு நாள்ல ஏழு குட்டி போச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, தப்பு என்னோடது. வீட்டுல சம்சாரம் ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. அந்தக் கிடாக்குட்டிங்களை நம்பித்தான் பொண்ணோட காலேஜ் பீஸுக்குக் கணக்குப் போட்டு வச்சிருந்தோம்.

நூலு மேல அவ்வளவு ஆசையிருந்தா எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்? தறிச் சத்தத்துலதான் இந்த ஊரே முழிக்குது. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் ஒரு நெசவு வீட்டுல உட்கார வச்சேன். பாவு ஓடுறதையும் இழை அறுந்தா கை தானா போய் முடிச்சுப் போடுறதையும் ரெண்டு மணி நேரம் பார்த்துச்சு. வரும்போது, "இவ்வளவு செஞ்சும் கூலி இவ்வளவுதானா அண்ணா?" என்றது. ஸ்வெட்டரைப் பத்தி அப்புறம் பேசல.

நான் செய்யற கைவேலை ஒன்னே ஒன்னு. கயிறு. (ஊர்ல 'கயிறு திரிக்கிறான்'னா பொய் சொல்றான்னு அர்த்தம், நான் சொல்றது நிஜக் கயிறு.) ரயில் கத்தாழை மடலை வெட்டி, குட்டைத் தண்ணியில ஊறப்போட்டு, அழுகினதும் அடிச்சு அலசிக் காயவச்சா வெள்ளை வெளேர்னு நார் வரும். ஊறும்போது நாத்தம் குடலைப் பிடுங்கும், அதை யாரும் போட்டோ எடுத்துப் போடமாட்டாங்க. நார் கைக்குப் பட்டாலும் அரிக்கும். அப்பா திரிச்சது ஊருக்கே போதும். நான் என் ஆட்டுக்கு மட்டும் திரிக்கிறேன். கடையில நைலான் கயிறு மலிவு, மழைக்கு மக்காது, எல்லாம் சரி. ஆனா ஆடு இழுத்து இழுத்துக் கழுத்தை அறுத்துடும், புண்ணுல ஈ உட்காரும். நார்க் கயிறு அறுந்து போகுமே தவிர ஆட்டை அறுக்காது.

அவங்க கிளம்பும்போது நானும் ஒன்னு கேட்டேன். அவங்க வாங்கின நிலம் வழியாத்தான் ஏரிக்கரைக்கு ஆடு போற தடம். பத்திரத்துல அப்படி ஒரு வழி கிடையாது, கால் பட்டு உண்டான வழி. ஏற்கெனவே நாலு பேர் கம்பி வேலி போட்டுட்டாங்க. மேய்ச்சல் புறம்போக்கு இருந்த இடம் எது, மனை எதுன்னு இப்ப தெரியல. கிடைக்காரங்க வர்றது நின்னு போனதுக்குக் காரணம் ஆடு இல்லாததால இல்ல, நடக்க வழி இல்லாததால. முன்னெல்லாம் அறுவடை முடிஞ்ச நிலத்துல நாலு ராத்திரி கிடை மடக்கினா அந்த வருஷம் கடலைக்கு வேற எரு தேவைப்படாது. நிலத்துக்காரங்க நெல்லோ காசோ கொடுத்துக் கூப்பிடுவாங்க. இப்ப அதே நிலத்துக்கு மூட்டை மூட்டையா உரம் வாங்குறோம்.

"வேலி போடுங்க, தப்பில்ல. ரெண்டு ஆடு சேர்ந்து போற அளவுக்கு ஒரு சந்து விடுங்க"ன்னு சொன்னேன். அந்தத் தம்பி யோசிச்சார். வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்னார். வழின்னு விட்டா பின்னாடி உரிமை கேப்பாங்களோன்னு பயம். அந்தப் பயத்தை நான் தப்புன்னு சொல்லமாட்டேன், நிலத்துக்கு அவர் கொடுத்தது சின்னக் காசு இல்ல.

போன ஞாயித்துக்கிழமை வேலிக்குக் கல்லு நட ஆள் வந்தது. நான் பட்டியை விட்டுட்டுப் போய்ப் பார்த்தேன். கிழக்கால ஒரு மூலையில மட்டும் கல்லு நடாம ஆறடி விட்டிருந்தது. கேட் போடவா, சந்து விடவான்னு கல் நடுறவருக்கும் தெரியல. இன்னைக்கு வரைக்கும் என் ஆடு அந்த வழியாத்தான் போகுது.