காருக்கு உண்டு, கொடிக்கயிற்றுக்கு இல்லையா?

மழைத்துளி பட்டதும் கண்ணாடியையும் கூரைத் திறப்பையும் தானே மூடிக்கொள்ளும் கார்கள் வந்துவிட்டன. யோசனை பழசுதான். 1951-லேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 'லெ சேபர்' என்ற காட்சிக் காரில், தூறல் விழுந்தால் மேற்கூரை தானே எழும்பி மூடும்படி செய்திருந்தனர்.

அப்படியொரு காரைக் கொச்சங்காடியில் நிறுத்திவிட்டு, முதலாளி நிம்மதியாகக் கணக்குப் பார்க்கலாம். அதிக தூரமில்லை, ஃபோர்ட் கொச்சி வெளி மைதானம் பக்கம் போனால் கதை வேறு. அங்கே தோபிகானாவில் தலைமுறைகளாக வெளுத்து வரும் நம் தமிழ்க் குடும்பத்தினர், கிளிப் இல்லாமல் முறுக்குக் கயிற்றின் இடுக்கில் செருகித் துணி உலர்த்துகிறார்கள். ஐப்பசி மாதம் மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு இடி! ஒவ்வொன்றாக உருவுவதற்குள் பாதி நனைந்துவிடும். மறுபடி அலசுவதற்குக் கூலி யார் தருவார்?

அந்த இடம் 1976-ல் ஜி.சி.டி.ஏ. கட்டிக் கொடுத்தது. காரில் உள்ள கருவியும் பெரிய வித்தையல்ல. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிறு ஒளி, நீர்த்துளி விழுந்தால் குறைகிறது, அவ்வளவே. அதைக் கொண்டு ஒரு மோட்டாரை ஓட்டித் தார்ப்பாயை இழுத்து மூடச் செய்யலாம். அது முடியாவிட்டால் ஒரு மணியாவது அடிக்கட்டும். ஜி.சி.டி.ஏ. முன்வர வேண்டும், விரிப்புகளை வெளுக்கப் போடும் ஹோட்டல்காரர்களும் செலவில் பங்கு ஏற்கலாமே.