ரப்பர் உடைக்குள் இருந்த மனுஷனுக்காக அழலாமா?

ஒரு நடிகர் இறந்துபோனால் எங்கேயோ இருக்கிற ரசிகர்கள் அழுவது சரியா? அதுவும் முகமே தெரியாத நடிகருக்கு? இன்றைக்கு அதைப் பற்றித்தான். பூதப்படம் எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன், சினிமா விமர்சகன் இல்லை. அதனால் பயப்பட வேண்டாம் :-)

2017 ஆகஸ்ட் 7-ம் தேதி ஜப்பானில் ஹருவோ நகஜிமா என்பவர் நிமோனியாவில் காலமானார். வயது 88. பெயரைச் சொன்னால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த வேலையைத் தெரியாதவர்கள் குறைவு. 1954-ல் வந்த முதல் காட்ஸில்லா படத்தில் அந்த மிருகத்தின் உடைக்குள் இருந்தவர் இவர். 1972 வரை வரிசையாக 12 காட்ஸில்லா படங்களில் அதே வேலை. செய்தி வெளியானதும் பல நாடுகளிலிருந்து ரசிகர்கள் துக்கம் தெரிவித்தார்கள். அவரோடு எடுத்துக்கொண்ட போட்டோ, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொம்மை என்று ஆளாளுக்கு ஒன்றை எடுத்து வைத்து அழுதார்கள்.

இதை ஒரு தடவை இங்கே இந்தூரில் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சிக்காரர், நல்ல மனுஷன். அவர் சிரித்துவிட்டார். "என்ன சார் இது, ரப்பர் சட்டை போட்டுக்கிட்டு நடந்த ஆளுக்கா அழறாங்க? மூஞ்சியையே பார்க்கல. ஊரு உறவும் கிடையாது. இதெல்லாம் சும்மா பாவ்லா சார்" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 'ரப்பர் சட்டை' எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பொறுப்பாளர் எய்ஜி சுபுராயாவுக்கு 1933-ல் வந்த கிங்காங் மேல் பெரிய பிரியம். அதுபோலவே பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படமெடுக்கத்தான் ஆசை. ஆனால் கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை. சரி, ஒரு ஆளை உடைக்குள் போட்டு நடக்க விடுவோம் என்று முடிவானது. முதலில் செய்த உடையின் எடை சுமார் 100 கிலோ. ஒரு மூட்டை அரிசியை முதுகில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவர்களுக்குத் தெரியும் 25 கிலோவே என்ன பாடு படுத்தும் என்று. இது அதைப்போல நாலு மடங்கு. அதையும் உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு, மேலே ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் நிற்க வேண்டும். வெளியே பார்க்க கழுத்துப் பகுதியில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவ்வளவுதான். கழற்றினால் உள்ளே வியர்வை தேங்கி நிற்குமாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். டோக்கியோ நகரத்தை 25-ல் ஒரு பங்கு அளவில் பொம்மைக் கட்டிடங்களாகச் செய்தார்கள். 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2 மீட்டர். ஒரு ஆள் உயரம் சரியாக வந்துவிட்டது! ஆனால் ஆள் நடந்தால் ஆள் நடப்பதுபோலத்தான் தெரியும், மலை நடப்பதுபோலத் தெரியாது. அதற்காக கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார்கள். தியேட்டரில் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது அசைவு மெதுவாகி, கனமாகத் தெரியும். பார்க்கிற நமக்கு மெதுவான நடை. உள்ளே இருந்த மனுஷனோ அந்த எடையைச் சுமந்துகொண்டு வேக வேகமாக அசைய வேண்டும்.

நகஜிமா இதைக் கூலி வேலையாக நினைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளே யார் என்றுதான் தெரியாதே. ஆனால் அவர் டோக்கியோ உயிரியல் பூங்காவுக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் காலை வைக்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்று நின்று பார்த்தார். காட்ஸில்லாவின் நடை அங்கேயிருந்து வந்தது. அதே 1954-ல் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்திலும் அவர் ஒரு சின்ன வேஷத்தில் வருகிறார். உலக சினிமாவில் பேசப்படுகிற இரண்டு படங்களில் ஒரே வருஷத்தில் இருந்தவர். தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

அந்தப் படம் விளையாட்டுப் படமும் இல்லை. 1954 மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை செய்தது. அப்போது கடலில் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகில் 23 பேர். ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3-ம் தேதி காட்ஸில்லா வெளியானது. ஹிரோஷிமா, நாகசாகி நடந்து 9 வருஷம்தான் ஆகியிருந்தது. கடலுக்கு அடியிலிருந்து அணுகுண்டுச் சோதனை கிளப்பிவிட்ட மிருகம் ஊரை எரிக்கிறது என்றால், பார்த்த ஜப்பானியருக்கு அது பூதக்கதையாகவா தெரிந்திருக்கும்? அந்த நடையில் கோபமும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. அதைக் கொடுத்தது ரப்பர் இல்லை, உள்ளே இருந்த மனுஷன்.

இது ஜப்பான் கதை மட்டுமில்லை. ஹாலிவுட்டில் 1931-ல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் ஆரம்ப டைட்டிலில் பூதமாக நடித்தவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்கள். விளம்பர உத்திதான். கடைசியில் போரிஸ் கார்லாஃப் என்று பெயர் வரும். அந்த மேக்கப்பைப் போடவும் எடுக்கவும் மணிக்கணக்கில் உட்கார்ந்த அதே கார்லாஃப்தான் 1933-ல் ஹாலிவுட் நடிகர் சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்ந்தார். நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்குவதைத் தட்டிக் கேட்க ஆரம்பித்த சங்கம் அது.

கார்லாஃபுக்காவது கடைசியில் பெயர் வந்தது. 1954-லேயே வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில் செதில் மனிதனாகத் தண்ணீருக்குள் நீந்தியவர் ரிகோ பிரவுனிங். நிமிஷக்கணக்கில் மூச்சை அடக்கி நடித்தார். தரையில் வரும் காட்சிகளில் பென் சாப்மன். இரண்டு பேர் பெயரும் டைட்டிலில் கிடையாது. அந்த உருவத்தை வரைந்து வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண்ணின் பெயரும் கிடையாது. பாராட்டு முழுக்க மேக்கப் துறைத் தலைவருக்குப் போனது. பிரவுனிங் 2023 பிப்ரவரியில், 93 வயதில் காலமானார். அவருக்கும் ரசிகர்கள் அழுதார்கள். டைட்டில் கார்டு மறைத்ததை ரசிகர்கள் தேடி எடுத்து வைத்திருந்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 2015-ல் டிராகுலா புகழ் கிறிஸ்டோபர் லீ போனபோது உலகமே பேசியது. சரிதான், அந்த முகமும் குரலும் எல்லோருக்கும் தெரியும். நகஜிமாவுக்கு அழுதவர்கள் எதற்கு அழுதார்கள்? அழகுக்கு இல்லை, வசனத்துக்கு இல்லை, அரசியலுக்கு இல்லை. அந்த மனுஷனின் உழைப்புக்கு மட்டும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான துக்கம் இல்லை.

நடிகர் சாவு என்றாலே நமக்கு வேறு ஞாபகங்கள் உண்டு. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது நம் ஊரில் கடைகள் உடைந்தன, சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2006 ஏப்ரலில் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் பஸ்கள் எரிந்தன, உயிர்களும் போயின. அந்த இரண்டு பேர் மேலும் மக்கள் வைத்திருந்த அன்பு உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்புக்கு அடுத்தவன் பஸ்ஸை எரிக்க என்ன உரிமை? நகஜிமா ரசிகர்கள் ஒரு கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. அவர்கள் கொண்டாடிய மிருகம் டோக்கியோவையே பலமுறை உடைத்திருந்தும்!

இன்னொன்று. இந்த ரசிகர்கள் சாவுக்கு மட்டும் வந்தவர்கள் இல்லை. 70-களில் ஜப்பான் சினிமா நொடித்துப்போய், ஸ்டூடியோக்கள் ஒப்பந்த நடிகர்களைக் குறைத்தன. நகஜிமா உடையைக் கழற்றிய பிறகு அதே டோஹோ நிறுவனத்தின் பௌலிங் கூடத்தில் வேலை பார்த்தார். காட்ஸில்லா பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதோடு மறந்திருப்பார்கள். ஆனால் 90-களில் ரசிகர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சிகாகோவில் நடக்கும் ரசிகர் விழாவுக்குப் போனார். கிழவனாரைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். யானையைப் பார்த்த கதையை அவர் வாயாலேயே கேட்டார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அந்த மரியாதையை அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அதனால்தான் 2017-ல் அழுததை நான் நம்புகிறேன். உயிரோடு இருக்கும்போது தேடிப் போனவனுக்கு அழ உரிமை உண்டு.

நண்பர் சொன்ன இன்னொரு வாதம், ஊரு உறவு இல்லாமல் தூரத்திலிருந்து அழுவது பாவ்லா என்பது. இதை வெளியூரில் குடும்பம் நடத்துகிற நாமே சொல்லலாமா? நம்முடைய துக்கத்தில் பாதி தூரத்திலிருந்து அனுசரித்ததுதானே. ராத்திரி போன் வரும். தட்கலில் டிக்கெட் கிடைக்காது. கிடைத்தாலும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இங்கேயே குளித்துவிட்டு, ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, மறுநாள் பத்து மணிக்கு கவுண்டரில் உட்கார்ந்து ஹிந்தியில் சிரித்துப் பேசியிருக்கிறோம். கூட்டத்தில் நிற்காததால் அந்த அழுகை பொய்யாகிவிடுமா?

என் தொழிலிலும் உடைக்குள் இருப்பவர்கள் நிறைய. 2016 நவம்பர் 8-க்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஏ.டி.எம். வரிசை ஞாபகம் இருக்கும். உள்ளே நோட்டு எண்ணிய கேஷியர்களின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கட்டு கட்டாக எண்ணி, கணக்கு டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தவர்கள். வாடிக்கையாளருக்கு அவர்கள் 'பேங்க்', அவ்வளவுதான். ரிட்டயர்மென்ட் அன்று ஒரு சால்வை, ஒரு சூட்கேஸ், நாலு வார்த்தை. முடிந்தது.

இன்றைக்குக் காட்ஸில்லா பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறக்கிறது. 2016-ல் வந்த ஜப்பானியப் படத்தில் மன்சாய் நோமுரா என்ற மரபுவழி நாடகக் கலைஞரின் அசைவைப் பதிவு செய்து பயன்படுத்தினார்கள். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' 2024-ல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. நல்ல படம், வாங்க வேண்டியதுதான். "அப்போ ரப்பர் உடை எல்லாம் காமெடி" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் சண்டை போடுவதில்லை. பழைய படத்தைப் போட்டு, "இதுக்குள்ள ஒரு ஆள் இருக்காரு, அவர் காலைப் பாரு" என்று மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஆட்கள்தான் இருக்கிறார்கள். படம் முடிந்து ஓடுகிற பெயர்ப் பட்டியலில் இருக்கிறார்கள். நாம்தான் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆகவே என் கட்சி இது. முகம் தெரியாதவருக்காக அழுவது தப்பில்லை. ஆனால் அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போவீர்கள் இல்லையா? கோயில், கல்யாணம், துணிக்கடை என்று பட்டியல் போடும்போது ஒரே ஒரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்கொடுத்த வாத்தியார், சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போட வைத்த டியூஷன் அக்கா, முதல் வேலையில் லெட்ஜர் எழுதக் கற்றுக்கொடுத்த தலைமை கிளார்க், யாராக இருந்தாலும் சரி. கால் மணி நேரம் போதும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் செய்த வேலை என்ன என்று அவர் முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.